கோலாக்கில் வெட்டிய பாட்டு

வார்னம்பூல்,
மார்ச் 5, 2012

திரு. லென் டிரெலோர் அவர்களுக்கு,

நான் நலம். நீங்களும் நலமென்றே வைத்துக்கொள்கிறேன்.

என் கணவர் டெஸ்ஸும் நீங்களும் இளமையில் சேர்ந்து எழுதிய 'கம்பளிக் கொட்டகை' நகைச்சுவை இசை நாடகத்தை மறுபடி மேடையேற்ற பாலரட் நாடகக் குழு அனுமதி கேட்டபோது, யோசிக்காமல் கொடுத்தேன். உங்கள் வரிகள் எனக்கு என்றுமே பிடித்ததில்லை. டெஸ்ஸின் மெட்டுகள் நாலு பேர் காதில் விழட்டுமே என்றுதான் கொடுத்தேன்.

நேற்று இயக்குநர் டாம்சின் ஒத்திகைப் பதிவை அனுப்பியிருந்தாள். இரண்டாம் பாகத்தில் ஒரு குடிகாரச் சமையல்காரன், தீய்ந்துபோன ஆட்டுத்தொடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பாடுகிறான். பாட்டின் மெட்டு, டெஸ்ஸின் 'கலங்கரை' ஓபராவில் மகளை இழந்த தாய் பாடும் மெட்டு.

அது எங்கள் மகள் பெர்னடெட்டுக்காக எழுதியது. அவள் இறந்த வாரம் டெஸ் பியானோவை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அடக்கத்தன்று கோவிலில் அவரே அதை வாசித்தார். அந்த ஒரு பாட்டைச் சுற்றித்தான் பிறகு முழு ஓபராவும் வளர்ந்தது. நீங்களும் அன்று வந்திருந்தீர்கள். மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் கடைசியில் நின்றுவிட்டுப் போனீர்கள்.

ஒரு தாயின் பாட்டைத் திருடிக் குடிகாரன் வாயில் வைப்பது டாம்சினுக்குத் தோன்றாது. உங்களுக்குத் தோன்றும். அதை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நாடகத்துக்கே அனுமதி கிடையாது.

அகதா கார்மொடி


பாலரட்,
மார்ச் 9

அன்புள்ள அகதா,

எத்தனை வருடம் கழித்து உங்கள் கையெழுத்தைப் பார்க்கிறேன். கன்னியாஸ்திரிகள் சொல்லிக்கொடுத்த எழுத்து இன்னும் ஒரு கோடு சாயவில்லை. திட்டும்போதுகூட.

நான் திருடவில்லை. அந்த மெட்டு 'கம்பளிக் கொட்டகை'க்காகவே போட்டது. மெல்பர்ன் போவதற்கு முன்னால் கோலாக்கில் வெள்ளோட்டம் பார்த்தோமே, அங்கே அதை வெட்டினோம். வெட்டிய பாட்டை டெஸ் எறிய மாட்டான், பெட்டியில் போட்டு வைப்பான். ஒரு நாடகத்துக்கு ஆகாதது இன்னொன்றுக்கு ஆகும் என்பான். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

அன்று சமையல்காரனாக நடித்த கிளைவ் இப்போது இங்கே முதியோர் இல்லத்தில் இருக்கிறான். ஒத்திகை பார்க்க வந்தவன், தேநீர் வேளையில் அதை நினைவிலிருந்து பாடிக் காட்டினான். டாம்சின் பிடித்துக்கொண்டாள். நான் தடுத்திருக்க வேண்டும். உங்களிடம் கேட்டிருக்கவும் வேண்டும். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

நாடகத்தை நிறுத்திவிடாதீர்கள். டிக்கெட் விற்றாகிவிட்டது. அதைவிட, டெஸ்ஸோடு சேர்ந்து நான் செய்தவற்றில் உருப்படியாக மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

லென்


வார்னம்பூல்,
மார்ச் 13

திரு. டிரெலோர்,

கோலாக்கில் நானும் இருந்தேன். ஒவ்வொரு பாட்டும் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பின்வரிசையில் உட்கார்ந்து குறித்தவளே நான்தான். தகரக் கூரையில் மழை கொட்டியது நினைவிருக்கிறது. ஒப்பனை அறையில் ஆட்டுக்கறி நாறியது நினைவிருக்கிறது. இந்தப் பாட்டு நினைவில் இல்லை.

அப்படியானால், என் மகளின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் கணவர் வாசித்தது ஒரு குடிகாரன் பாட்டு. செலவாகாமல் கிடந்த பழைய சரக்கு. முப்பத்தெட்டு வருடமாக நான் மண்டியிட்டுக் கேட்டது அதைத்தான். இதைத்தானே சொல்ல வருகிறீர்கள்?

யாரும் பல்லிளிக்காத ஒன்றை எழுத வேண்டும் என்றுதான் டெஸ் உங்களை விட்டு ஓபராவுக்குப் போனார். அதை நீங்கள் மறக்கவில்லை. அவர் இறந்த பிறகு பழி தீர்க்கிறீர்கள்.

ஒன்று கேட்கிறேன். அவ்வளவு நல்ல மெட்டை டெஸ் தானாக வெட்டியிருக்க மாட்டார். வெட்டியது யார்? ஏன்? இதற்கு நேராகப் பதில் வராவிட்டால் வெள்ளிக்கிழமை என் வக்கீல் குழுவுக்கு எழுதுவார்.

அ. கார்மொடி


பாலரட்,
மார்ச் 15

அன்புள்ள அகதா,

பாட்டை எடுத்துவிடச் சொல்லி இன்று காலை டாம்சினிடம் சொல்லிவிட்டேன். உங்கள் அனுமதிக்காக இனி எதையும் சொல்ல வேண்டியதில்லை. கேட்டீர்கள் என்பதற்காகவும், டெஸ்ஸை நீங்கள் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவும் சொல்கிறேன். இதைச் சொல்லக் கூடாது என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

கோலாக்கில் முதல் நாள் கிளைவ் அந்த ஆட்டுத்தொடையைக் கட்டிக்கொண்டு விழுந்து புரண்டு பாடினான். ஒருவர் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திரை விழுந்ததும் நான் ஒப்பனை அறைக்குள் போய்க் கிளைவைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கழுத்தில் ஸ்டாப்வாட்சோடு வந்தீர்கள்.

"அவர ஏன் திட்டுறீங்க லென்? இது சிரிக்கிற பாட்டே இல்ல. சாவு வீட்டுல பாடுற பாட்டு. அதத் தூக்கி ஒரு குடிகாரன் கையில குடுத்திருக்கீங்க."

டெஸ் சமாதானம் சொன்னான். "நாளைக்கு எடுபடும் அகி. பாரேன்."

"படாது. எடுத்து வைங்க. அதுக்குன்னு ஒரு நாள் வரும்."

டெஸ் அந்தப் பாட்டின் தாள்களை எடுத்துத் தன் பெட்டியில் வைத்தான். மறுநாள் அந்தப் பாட்டு இல்லை.

பெர்னியின் அடக்கத்தன்று கோவில் வாசலில் டெஸ் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அகி அன்னிக்குச் சொன்னாளே, அந்த நாள் வந்துடுச்சுடா. அவளுக்கு அது ஞாபகம் இல்ல. நீ எப்பவும் சொல்லிடாத" என்றான். அதற்குப் பிறகு என்னால் உள்ளே உட்கார முடியவில்லை.

அவன் பழைய சரக்கைக் கொண்டுவரவில்லை, அகதா. நீங்கள் எடுத்து வைக்கச் சொன்னதை எடுத்து வைத்திருந்தான்.

லென்


வார்னம்பூல்,
மார்ச் 27

லென்,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு முடக்குவாதம் காரணமில்லை.

நினைவு வந்துவிட்டது. சொன்ன வார்த்தைகள் வரவில்லை. நீங்கள் இருவரும் வாயடைத்து நின்றதும், எனக்கு அது பெருமையாக இருந்ததும்தான் வந்தது. அன்றிரவு டெஸ்ஸிடம் அதைப் பற்றி மேலும் பேசினேன்கூட. சரியாகச் சொன்னதில் அவ்வளவு சந்தோஷம்.

டெஸ் என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் அவ்வளவு காலமும் என் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறார். ஓபராவில் அந்தப் பாட்டு வரும்போதெல்லாம் அவர் என் கையைப் பிடிப்பார். ஓபராவுக்காகப் பிடிக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

ஒத்திகைப் பதிவை மறுபடி போட்டுக் கேட்டேன். உங்கள் வரிகளையும் முதல் முறையாகக் கவனித்துக் கேட்டேன். அவன் அந்தக் கறியிடம், "கொஞ்ச நேரம் கண்ண மூடினேன், அதுக்குள்ள இப்படி ஆயிட்டியே" என்கிறான். இதை எழுதியபோது உங்களுக்கு என்ன வயது? இருபத்தெட்டு இருக்குமா? சிரிப்பதற்காகத்தான் எழுதினீர்கள் என்பதை நம்புகிறேன்.

பெர்னி கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். ஆட்டுத்தொடையோடு ஒருவன் ஆடினால் எந்தக் குழந்தைதான் சிரிக்காது? எட்டு வயது வரை எங்கள் வீட்டில் அவள் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். அதற்கு யாரும் பாட்டு எழுதவில்லை.

பாட்டை எடுக்க வேண்டாம். டாம்சினுக்கும் எழுதிவிட்டேன். சமையல்காரன் அவசரப்படுகிறான், நிதானமாகப் பாடச் சொல்லுங்கள். ஆட்டுத்தொடை இருக்கட்டும், ஆனால் நிஜக் கறி வேண்டாம், மூன்றாம் நாள் நாறும். சபை சிரித்தால் சிரிக்கட்டும்.

தொடக்க நாளுக்கு வருகிறேன். பின்வரிசையில் இரண்டு இடம் சொல்லி வையுங்கள், ஒன்று உங்களுக்கு. இந்த முறை மழைக்கோட்டைக் கழற்றிவிட்டு உட்காருங்கள்.

அகதா