மெக்கானிக் வந்தால் குலுங்காத லிஃப்ட்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. என் முழங்காலையும் உன் அம்மாவின் கோபத்தையும் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்று முதல் வரியில் எழுதியிருக்கிறாய், அடுத்த மூன்று பக்கத்தில் அப்படி இல்லை என்றும் எழுதியிருக்கிறாய், நான் மூன்று பக்கத்தைத்தான் நம்புகிறேன். உன் தம்பி புது வேலையில் சேர்ந்துவிட்டான், கழுத்து அட்டையைக் கழற்றாமலே தூங்குகிறான். அம்மாவுக்குக் கோபம் எதற்கென்றால், போன வாரம் டாக்டரைப் பார்க்கப் போன இடத்தில் நான் லிஃப்ட் கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே நின்று எங்கள் முறையைக் கோட்டை விட்டுவிட்டேன். முப்பத்து நாலு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனுக்குக் காது வேறு எதற்காம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன்னைக் கட்டிய அந்த ஆள் வாரக்கணக்கில் உன்னோடு பேசாமல் இருந்ததையும், உன் ஃபோனை ஒளித்து வைத்ததையும், நீ ஏன் அந்த வீட்டை விட்டு வந்தாய் என்பதையும் உன் இரண்டு சிநேகிதிகளிடம் மனசுவிட்டுச் சொன்னாய். ஒருத்தி, அவரா, எங்களுக்கெல்லாம் எவ்வளவு அன்பா காபி போட்டுக் குடுப்பாரு என்றாளாம். இன்னொருத்தி, அப்ப நீ என்ன பண்ணின என்று கேட்டாளாம். அந்த ஊரில் இவர்களை விட்டால் உனக்கு வேறு ஆளில்லை என்பதால், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் போகும்போது, கோபத்துல கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டேன் என்று சொல்லிச் சமாதானம் ஆகிவிடலாமா என்று கேட்கிறாய். கூடாது.

எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் ஆறாம் மாடி டீச்சர் ஒருவர் இருந்தார். காலையில் இறங்கும்போது லிஃப்ட் தூக்கிப் போடுகிறது என்று மாதம் மூன்று புகார் கொடுப்பார். நான் போனால் அது சாதுவாக ஏறி இறங்கும். மெக்கானிக் முன்னால் எல்லா லிஃப்டும் யோக்கியன்தான். டீச்சருக்குப் பொழுது போகல என்று கட்டடச் செயலாளர் நாலு பேர் முன்னால் சிரிப்பார். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, புகார் சொன்னவரைச் சந்தேகப்படாதே, அவர் ஏறும் நேரத்தில் அவரோடு ஏறு. ஏழே காலுக்கு டீச்சரோடு ஏறினேன். கட்டடத்தின் தண்ணீர் மோட்டார் ஓடும் நேரம் அது, மின்சாரம் குறைந்து, ஆறுக்கும் ஐந்துக்கும் நடுவில் லிஃப்ட் எங்கள் இரண்டு பேரையும் தூக்கிப் போட்டது. சரிசெய்யும்வரை காலையில் ஏறாதீர்கள் என்று சீட்டு ஒட்டினேன். செயலாளர் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு ஏறி, நடுவில் மாட்டிக்கொண்டார். பத்து நிமிஷத்தில் வெளியே எடுத்திருக்கலாம், அன்று ஏனோ என் ஸ்பானர் கிடைக்க அரை மணி ஆயிற்று. டீச்சர் போட்டுக் கொடுத்த டீ நன்றாக இருந்தது. இதை அம்மாவிடம் சொல்லாதே.

அந்த ஆளும் விருந்தாளி வந்தால் குலுங்க மாட்டார். அதனால் காபிக்காரியோடு மல்லுக்கட்டாதே, சாட்சி காட்டுவதற்கு நீ கோர்ட்டில் நிற்கவில்லை. நீ பார்த்தது காபி, நான் இருந்தது வீடு என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு, பிறகு குளிரைப் பற்றியும் செருப்பைப் பற்றியும் பேசு. என்ன பண்ணின என்று கேட்டாளே, அவள் உன்னோடு ஏறிப் பார்க்க வந்தவள், அவளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்.

இதெல்லாம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கவில்லை, அது உன் பெருந்தன்மை. முதல் தடவை நீ ஃபோனில் அழுதபோது, மாப்பிள்ளையா, தங்கமான பிள்ளையாச்சே, நீ என்ன சொன்ன என்று கேட்டவன் நான். லிஃப்டைப் பற்றி ஊரார் சொன்னதையெல்லாம் நம்பிய நான், பெற்ற மகள் சொன்னதை நம்பவில்லை. அதற்கப்புறம் பதினோரு மாதம் நீ எங்களிடம் வாயே திறக்கவில்லை, அந்தப் பதினோரு மாதமும் அந்த வீட்டில் தனியாகக் கிடந்தாய். வெட்கமாக இருக்கிறது பாப்பா. என்னை மன்னித்துவிடு.

நூறு வயசு இரு, தைரியமாக இரு. சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப வாங்காதே. ஞாயிறன்று காபிக்காரி மறுபடி ஆரம்பித்தால், எங்கப்பாவே முதல்ல நம்பல, இப்ப மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்காரு, படிச்சுப் பாரு என்று இந்தக் கடிதத்தை நீட்டு. அவளைக் காபிக்காரி என்று எழுதிய இடங்களை மட்டும் கட்டைவிரலால் மறைத்துக்கொள். என் மானம் போனால் போகட்டும், யார் படித்தாலும் புரியட்டும் என்றுதான் நிறுத்தி நிதானமாக எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா