மஞ்சள் கோட்டுக்கு இப்பால்

8.4.97, செவ்வாய்

காலையிலிருந்து சிரோக்கோ காற்று. ஆபிரிக்காவின் புழுதி முழுக்க இந்த இத்தாலித் தெருவில், வியா மக்வேதாவில், அதுவும் நான் துடைக்கிற ஜன்னல்களில். வீட்டுக்காரி சினோராவுக்குத் திருப்தியில்லை. அவவுக்கு என்றைக்குத்தான் திருப்தி.

வாங்க: வெங்காயம், சவர்க்காரம், மகள் தர்சினிக்குப் பசை.

பள்ளிக்கூடத்துப் பின் கேற்றின் பூட்டு நத்தார் பண்டிகைக்கு முதலே உடைந்தது. இன்னும் கம்பியால் கட்டிக் கிடக்கிறது. அதிபரிடம் மறுபடி சொன்னேன். "எதிரே பொலிஸே நிற்கிறதே" என்று சிரித்தார். உண்மைதான். முன் வாசல் தெருவுக்கு அந்தப் பக்கம் மாஃபியா வழக்கு விசாரிக்கிற ஒரு நீதிபதி வீடு. வாசலில் எந்நேரமும் துவக்கோடு இரண்டு பொலிஸ், அவர்களுக்கு முன்னால் தெருவில் மஞ்சள் கோடு. ஒருத்தன், மீசைக்காரன், தர்சினியைக் கண்டால் கையசைப்பான்.

அந்தக் காவலை நம்பித்தான் மகளை இங்கே சேர்த்தேன். மனைவி வசந்திக்கு அப்போதே பிடிக்கவில்லை. "ஊரிலை ஆமிக் காம்புக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலை ஆரும் பிள்ளையைச் சேர்ப்பினமே? உங்களுக்கென்ன விசரே?" ஊர் வேறு, இது வேறு என்றேன். பிள்ளைக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். ஏதும் நடந்தால் அந்த மாமாமாரிட்டை ஓடு.

10.4.97, வியாழன்

பிள்ளை உயிரோடு இருக்கிறாள். முருகா.

எழுத்தெல்லாம் கோணல்.

ஒருத்தன் கைத்துவக்கோடு பள்ளிக்கூடத்துக்குள். ஓர் ஆசிரியையைப் பிரிந்த புருஷன். பின் கேற்றால்தான் வந்தவனாம். கம்பியை அவிழ்க்க என்ன கஷ்டம்? மிரட்டுகிறான் என்று அவ முன்பே பொலிஸில் சொன்னவ. "ஏதும் நடந்தால் வாருங்கள்" என்று அனுப்பினார்களாம். நடந்துவிட்டது, போய்ச் சொல்லலாம்.

வேலையை விட்டு ஓடிப் போனேன். தெரு முழுக்கப் பொலிஸ் கார். ஒருவரும் உள்ளே போகவில்லை. உள்ளே வெடி, வெளியே மேலிடத்து உத்தரவு வரும்வரை சிகரெட். "என் பிள்ளை உள்ளே" என்று கத்தினேன். "பெர்மெஸ்ஸோ?" என்றான் ஒருத்தன். விசா அட்டையை எடுத்துக் கொடுத்தேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தான். கடைசியில் துவக்குக்காரன் தானே களைத்துப்போய் வெளியே வந்து ஆயுதத்தைக் கீழே வைத்தான். அதற்குப் பிறகுதான் இந்த வீரர்கள் ஓடினார்கள்.

ஆசிரியை அலுமாரிக்குள் ஒளிந்து தப்பினா. வாசல் பார்க்கும் என்சாவுக்குத் தோளில் துவக்குச் சூடு. தர்சினி கழிப்பறையில் இருந்தாள். இன்னும் பேச்சில்லை.

11.4, வெள்ளி

சோற்றை அளைந்துகொண்டிருந்தவள் திடீரென்று வாய் திறந்தாள்.

"அப்பா, நான் ஓடினனான். நீங்கள் சொன்ன மாதிரி."

"எங்கை?"

"மீசை மாமாட்டை. மஞ்சள் கோட்டைத் தாண்டேக்கை துவக்கை நீட்டினவர். 'தாண்டாதை, தோர்னா தெந்த்ரோ' எண்டு கத்தினவர். நான் திரும்பிப் போனன்."

தோர்னா தெந்த்ரோ. உள்ளே திரும்பிப் போ. வெடி கேட்கிற கட்டிடத்துக்குள்.

திரும்பி வந்த பிள்ளையை இழுத்தெடுக்கத்தான் என்சா கதவைத் திறந்தவ. அப்போதுதான் சூடு.

வேலியே பயிரை மேயும் என்பார்கள். இந்த வேலி மேயவில்லை. பார்த்துக்கொண்டு நின்றது.

வசந்தி என்னை ஒரு சொல் சொல்லவில்லை. பேசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

12.4, சனி

பேப்பரில் மீசைக்காரன் படம். சிறுமியைப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பிய காவலராம். தூ.

அதிபர் போன். திங்கள் பாராட்டு விழா, தர்சினிதான் பூக்கொத்துக் கொடுக்க வேண்டும். "அவன் என் பிள்ளைக்குத் துவக்கை நீட்டினவன்" என்றேன். அதற்கு அவர்: "அந்த வாசலை விட்டு அசைய அவருக்கு உத்தரவில்லை. நீங்களும் விளங்கிக்கொள்ள வேண்டும்." பிறகு மெல்ல, "உங்கள் பெர்மெஸ்ஸோ இந்த வருடம் புதுப்பிக்க வேண்டும் அல்லவா?"

அக்கறையாம். நாசமாய்ப் போக.

சரி என்றேன்.

13.4, ஞாயிறு

ஆஸ்பத்திரி. என்சாவுக்கு வசந்தி அவித்த புட்டு. இடது கையால் சாப்பிட்டா. கேட்டது ஒன்றுதான்: "பிள்ளை சாப்பிடுகிறாளா?" பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு குஞ்சும் எட்டிப் பார்க்கவில்லையாம். பேப்பரில் அவ பெயரும் இல்லை.

வீட்டில் வசந்தி மகளிடம்: "விருப்பமில்லாட்டிக் குடுக்காதை, குஞ்சு. அப்பா சமாளிப்பார்."

"இல்லை, நான் போறன்."

14.4, திங்கள். சித்திரை வருசம்.

காற்று ஓய்ந்து நல்ல வெயில். பிள்ளைக்கு வருசத்துக்கு வாங்கிய மஞ்சள் சட்டை. கைவிசேஷக் காசு கொடுக்க மறந்துபோனேன்.

பின் கேற்றில் புதுப் பூட்டு மினுங்குகிறது. நீதிபதி வீட்டுக்கு முன்னால் கமெராக்கள், கோட் போட்ட பெரியவர்கள். மீசைக்காரன் வாசலில் சிரித்தபடி, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு.

தர்சினி பூக்கொத்தோடு நடந்தாள். மஞ்சள் கோடு வந்ததும் நின்றாள்.

"வியெனி, வியெனி" என்று கூப்பிட்டான். வா, வா என்று அதிபரும். படம் பிடிக்கிறவனும்.

பிள்ளை அசையவில்லை. பூக்கொத்தைக் கோட்டுக்கு இப்பால் தரையில் வைத்தாள். இந்த ஊர்ப் பிள்ளைகள் பேசுகிற இத்தாலியனில், எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "தாண்டாதே என்று நீங்கள்தானே சொன்னீர்கள்."

திரும்பி வந்து என் கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது.

பூக்கொத்து தெருவிலேயே கிடந்தது. மீசைக்காரன் வாசலை விட்டு அசையவில்லை. உத்தரவு இல்லையாக்கும்.