மலைக்குப் போன அலுமினியம்

சங்கிலி இறுகி, லோரி இன்ஜினின் மேல்மூடியான ஹெட் மேலே எழுந்ததும் அந்த வாசம் வந்தது. கருகிய எண்ணெயும் பாமாயில் கலந்த டீசலும் சேர்ந்த வாசம். வாழைப்பழம் பொரிக்கும் கடையின் பின்கட்டில் நிற்பது போல இருக்கிறது என்று ஒருநாள் நீ சொல்லிவைத்தாய். அதன்பிறகு எனக்கு அது வேறு எப்படியும் மணப்பதில்லை. இன்று காலை கிள்ளான் பட்டறையில் அந்த வாசத்துக்கு நடுவே நின்றபோது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். நாம் அத்தனை நாள் சண்டை போட்ட விஷயத்துக்கு இன்று பதில் கிடைக்கப்போகிறது, நீ பக்கத்தில் இல்லை.

பதில் கிடைத்துவிட்டது. அதை உனக்குச் சொல்லியே ஆகவேண்டும். வேறு யாரிடம் பிஸ்டனைப் பற்றிப் பேசினாலும் இரண்டாவது வாக்கியத்தில் அவர்கள் கைப்பேசியை எடுத்துவிடுகிறார்கள்.

நாம் இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். போர்ட் கிள்ளானிலிருந்து கண்டெய்னர் இழுக்கும் அந்தக் கம்பெனியின் பட்டறையில் பெண்கள் நாம் இருவர்தான். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரே அறை, ஒரே ரயில், ஒரே வாக்குவாதம். எனக்குப் புத்தகங்களோடு இருப்பது சுகம்; நான்கு பேர் கூடிய இடத்தில் என் குரல் தொண்டையிலேயே தங்கிவிடும். நீ நேர்மாறு. ஒருமுறை இரண்டு மாதிரி பிஸ்டன்களைக் காய்கறி வாங்கும் பாசார் பையில் போட்டுக்கொண்டு ரயிலில் ஏறினோம். எதிரே இருந்த ஆன்டி எட்டிப் பார்த்தார்.

"என்னா மா இது, புது மாதிரி இட்லி சட்டியா?"

பிஸ்டனின் தலையில் இருந்த கிண்ணம் போன்ற குழியை நீ அவருக்குத் திருப்பிக் காட்டினாய். "இதுலதான் ஆன்டி லோரி சோறு சாப்பிடுது. டீசல் இங்கதான் எரியும்."

"அப்ப ரெண்டு தட்டு எதுக்கு?"

"ஒண்ணு ஸ்டீல் தட்டு, ஒண்ணு அலுமினியத் தட்டு. எதுல சாப்ட்டா லோரி ரொம்ப நாள் உயிரோட இருக்கும்னு இவளுக்கும் எனக்கும் சண்டை."

ஆன்டி யோசிக்கவே இல்லை. "ஸ்டீல்தான் மா. அலுமினியம் நெளிஞ்சிடும்."

நான் வெற்றிப் புன்னகையோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கிள்ளான் வரும்வரை நீ அந்த ஆன்டிக்கு உலோகவியல் நடத்தினாய்.

நான் ஸ்டீல் கட்சி. என் காரணங்கள் தெளிவானவை. டீசல் எரியும் ஒவ்வொரு முறையும் அந்த அடியைப் பிஸ்டன் தலையில் வாங்குகிறது. புதிய இன்ஜின்களில் அந்த அடியின் பலம் கூடிக்கொண்டே போகிறது. ஸ்டீல் அதைத் தாங்கும். சூட்டில் அலுமினியம் அளவுக்கு விரியாது. அதனால் சிலிண்டரோடு நெருக்கமாகப் பொருந்தும். அலுமினியமோ சூடேற ஏற இளகும். பிஸ்டனைச் சுற்றி மாட்டும் மேல் வளையம் உட்காரும் பள்ளம் தேயாமல் இருக்க அதற்குள் ஓர் இரும்புப் பட்டையைப் பதிக்கவேண்டியிருக்கிறது. ஊன்றுகோல் வைத்த பிஸ்டன் என்று நான் கேலி செய்தேன்.

நீ விடவில்லை. அலுமினியம் தன் சூட்டைத் தானே வேகமாகக் கடத்திவிடும். ஸ்டீல் பிடித்துவைத்துக்கொள்ளும், அதன் தலைக்குள் சுற்றிவரும் குடைவில் கீழிருந்து எண்ணெய் பீய்ச்சிக்கொண்டே இருந்தால்தான் பிழைக்கும். இதை நீ சொன்ன விதம்தான் எனக்கு மறக்காது: "ஸ்டீல் ஹீரோ மாதிரிடி. சுத்தி நாலு பேரு விசிறிக்கிட்டே இருக்கணும். அலுமினியம் வீட்டு ஆளு, தானே சமாளிச்சுக்கும் லா."

ஒரே மாதிரி இன்ஜின் கொண்ட இரண்டு லோரிகள் ஒன்றாகப் பட்டறைக்கு வந்தபோது, நம் சீன முதலாளி தௌக்கே நமக்குச் சம்மதம் கொடுத்தார். ஒன்றில் ஸ்டீல், ஒன்றில் அலுமினியம். ஓட்டிப் பார்த்து, திறந்து பார்த்து, எது நிற்கிறதோ அதையே கம்பெனியின் எல்லா லோரிகளுக்கும் வாங்குவார். புத்தகம் சொன்னபடி நான் வழி பிரித்தேன். ஸ்டீல் லோரி காராக் மலைச்சாலை ஏறிக் குவாந்தான் போகும். அலுமினிய லோரி துறைமுகத்துக்கும் ஷா ஆலாம் கிடங்குகளுக்கும் இடையே ஓடும்.

அங்கேதான் எட்டு வந்து சேர்ந்தது.

ஸ்டீல் லோரியின் நம்பரைக் கூட்டினால் எட்டு. சீனர்களுக்கு எட்டு அதிர்ஷ்டம். தௌக்கே அந்த நம்பரைத் தேடி வாங்கியவர். குவாந்தான் ஓட்டுநர் பெருமாள் அண்ணனுக்கோ எட்டு என்றால் சனி. நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், துறைமுக வழியில் ஓட்டும் மலாய்க்கார நண்பரோடு லோரியை மாற்றிக்கொண்டார். நீதான் கண்டுபிடித்தாய். முற்றத்தில் வந்து நின்ற அலுமினிய லோரியின் சக்கரத்தருகே குனிந்து, தீய்ந்த பிரேக்கின் வாசத்தை முகர்ந்துவிட்டுக் கேட்டாய்.

"அண்ணே, போர்ட்டுக்குப் போற லோரிக்கு எப்படி மலை வாசம் வருது?"

பெருமாள் அண்ணன் மறைக்கவில்லை. "எட்டுல ஏறி மலைக்குப் போகச் சொல்றீங்களா? என் பொண்டாட்டி தாலிக்கு யாரு லா பொறுப்பு?"

வாரக்கணக்காக ஸ்டீல் துறைமுக வரிசையில் நின்றுகொண்டிருந்தது, அலுமினியம் மலை ஏறிக்கொண்டிருந்தது. என் முழுத்திட்டமும் தலைகீழ். உடனே திரும்ப மாற்றச் சொல்லி நான் குதித்தேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "விடுடி. தப்பான எடத்துல வச்சாதான் ஆளு யாருன்னு தெரியும்."

அப்படியே விட்டோம். அந்த மழைக்காலத்தில் உனக்கு டெங்கு வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாய். அந்த வாரம் முடிவதற்குள் இல்லாமல் போனாய். கட்டிலில் கிடந்தபடி, "நான் வர்றதுக்குள்ள ஹெட்டைத் திறந்துடாத" என்றாய். லோரிகள் ஓடிக்கொண்டேயிருந்தன. திறக்கவேண்டிய தவணை இந்த வாரம் வந்தது.

நேற்று, மலைக்குப் போன அலுமினியம். குழியின் விளிம்பில் முடியிழை போன்ற விரிசல்கள். ஒன்றில் மட்டும் என்றால் தற்செயல் என்று நீ வாதாடியிருப்பாய், ஆறு பிஸ்டன்களிலும் இருந்தன. நான் கேலி செய்த இரும்புப் பட்டை மட்டும் அசையாமல் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இரவு தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இன்று ஸ்டீல். மேலிருந்து பார்க்க எவ்வளவு அழகு தெரியுமா! விளிம்பில் ஒரு கீறல் இல்லை. வளையப் பள்ளங்கள் புதிதாகக் கடைந்தது போல. "உங்க கட்சிதான் மா" என்றார் தலைமை மெக்கானிக் சிங்காரம் அண்ணன். பிஸ்டனை வெளியே எடுத்துக் கவிழ்த்தேன். அடிப்பக்கத்து நிறம் சரியில்லை; அதிகச் சூடு பட்ட நீலம். அண்ணனிடம் சொல்லி ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பார்த்தோம். எண்ணெய் ஓடவேண்டிய குடைவு முழுவதும் கரி. காப்பித்தூளைக் குழைத்துப் பூசிக் காயவிட்டது போலக் கெட்டியாக. குளிர்விக்கும் வழியே அடைபட்டிருந்தது. இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தால் தலை வெந்து போயிருக்கும்.

ஏன்? எண்ணெயை ஒழுங்காகத்தான் மாற்றினோம். ஓடிய கிலோமீட்டரைப் பார்த்து மாற்றினோம். அறுத்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்குப் புரிந்தது. துறைமுக லோரி ஓடுவது குறைவு, வரிசையில் நிற்பது அதிகம். ஏர்கானுக்காக இன்ஜின் உறுமிக்கொண்டே இருக்கும். சக்கரம் உருளாமலே எண்ணெய் கிழடாகிவிட்டது; மீட்டர் மட்டும் இளமையாகக் காட்டியது. விசிறுகிறவர்கள் களைத்துவிட்டார்கள், ஹீரோ வெந்துகொண்டிருந்தார். நீ சொன்னது, அப்படியே! அந்த இடத்தில் உன் வீட்டு ஆள் இருந்திருந்தால் சமாளித்திருப்பான்.

நான் கத்திவிட்டேன். நிஜமாகவே கத்திவிட்டேன். யோசித்துப் பார், என் திட்டப்படி ஓடியிருந்தால் இரண்டுமே பழுதில்லாமல் திரும்பியிருக்கும். தோதான இடத்தில் இருந்த இரண்டும் நல்ல பிள்ளைகளாக நின்றிருக்கும். நாமும் ஏதோ ஒன்றைக் குருட்டாம்போக்கில் எல்லா லோரிகளுக்கும் வாங்கியிருப்போம். பெருமாள் அண்ணனின் சனி பகவான் நமக்குப் பரிசோதனை வடிவமைத்துத் தந்திருக்கிறார். மலையில் நான் சரி. துறைமுகத்தில் நீ சரி.

மதியம் தௌக்கே வந்தார். மேசைமேல் இரண்டு பிஸ்டன்களையும் வைத்தேன். அவர் வழக்கம்போல மலாயும் ஆங்கிலமும் கலந்து, ஒரே வகைதான் வாங்குவேன், எதுவென்று மட்டும் சொல் என்றார். "ஸ்டீல்தானே? நீ எப்போதும் கேட்டது அதுதானே?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல்லோடு உன் பக்கம் இந்தப் பட்டறையில் முடிந்துபோகும். துறைமுக லோரிகள் ஒவ்வொன்றாக உள்ளுக்குள் கரி பிடிக்கும். நான் எழுந்து நின்றேன். மலைக்குப் போகிறவற்றுக்கு ஸ்டீல், துறைமுகத்தில் நிற்பவற்றுக்கு அலுமினியம் என்றேன். துறைமுக லோரிகளுக்கு எண்ணெய் மாற்றும் கணக்கை இன்ஜின் ஓடும் மணிநேரத்தில் வைக்கவேண்டும் என்றேன். இரண்டு வகை உதிரிபாகங்களை யார் கட்டிக்காப்பது என்று அவர் மறுத்தார். அறுத்த துண்டை அவர் கையில் கொடுத்து, விரலை உள்ளே விட்டுப் பார்க்கச் சொன்னேன். விரல் கருப்பாக வெளியே வந்தது. அவர் மறுக்க மறுக்க நான் விடாமல் பேசினேன், அலுமினியத்துக்காக, நான்! கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டே, "சரி, இரண்டும் வாங்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிங்காரம் அண்ணன் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "என்னா மா, கட்சி மாறிட்டீங்களா?"

"இல்லண்ணே. அந்தக் கட்சில ஆளில்ல. இனிமே ரெண்டு பேரு பேசறத நான் ஒருத்தியே பேசணும்."

உன் பக்கத்தைப் பேசும்போது என் குரல் தானாக உயர்ந்துவிடுகிறது. பட்டறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். எனக்குக் கூச்சமாகவே இல்லையடி.