‘போல’வை வெட்டினேன்

செவ்வாய், இரவு இஷா தொழுகைக்குப் பிறகு

பின்னேரம் அஸருக்கே கரைக்கு வந்திருக்க வேண்டிய வாப்பாவின் படகு இன்னும் வரவில்லை. போனும் போகவில்லை. காற்று கூரைத் தகரத்தைப் பிடித்து உலுக்குகிறது.

காலையில் தமிழ்ப் பாடத்தில் கடலைப் பற்றி ஓர் உருவகம் எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் நீலப் பட்டு, தாய்மடி என்று எழுதினார்கள். நான் கெட்டிக்காரத்தனம் காட்ட, இறந்தவரை அடக்கும் குழியை நினைத்து, ‘கடல் கபுறுக்குழி போல இருண்டது’ என்று எழுதினேன்.

டீச்சர் சிரித்தார். “இது உவமை மகள். அந்தப் ‘போல’வை வெட்டு. ரெண்டும் ஒண்டுதான் எண்டு சொன்னாத்தான் உருவகம்.”

வெட்டினேன். ‘கடல் ஒரு கபுறுக்குழி.’ டீச்சர் அதை வகுப்புக்கே வாசித்துக் காட்டினார். பஸ்லியா மட்டும் என் காதில், “ஏய், ஒங்கட வாப்பா கடல்ல தானே?” என்றாள். நான் அவளை நுள்ளிவிட்டுச் சிரித்தேன்.

கொஞ்சம் முன்பு உம்மா வாசலில் நின்றபடி, “ஏதும் கதை புள்ள, சும்மா இருக்க ஏலாது. இண்டைக்கு என்ன படிச்ச?” என்று கேட்டார்.

“உருவகம்.”

“அதென்ன?”

“ஒண்டை இன்னொண்டாவே சொல்றது.”

“எங்க, நீ எழுதினதைச் சொல்லு பாப்பம்.”

“மறந்திட்டுது உம்மா.”

“நல்லாத்தான் படிக்கிற!” என்று சொல்லிவிட்டு உம்மா திரும்பவும் இருட்டைப் பார்த்தார்.

திருத்துவதற்கு வாங்கிய கொப்பி டீச்சர் வீட்டில் இருக்கிறது. என் கையில் இருந்தால் அந்தச் சொல்லை இப்போதே திரும்ப எழுதியிருப்பேன். வெறும் ‘போல’ என்றால் இவ்வளவு பயம் இருக்காது.

யா அல்லாஹ், அது பாடத்துக்காக எழுதியது. கடல் கடல்தான். உப்புத் தண்ணீர். வேறொன்றும் இல்லை.