அவனை மட்டும் அனுப்பாதீங்க

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதறேன். இங்க நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம், அப்பாவுக்கு முழங்கால் வலியும் டி.வி. ரிமோட்டும் எப்பவும் போல கூடவே இருக்கு. நீயும் மருமகளும் குட்டியும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம சந்தோஷமா இருக்கணும், என் நினைப்பு பூரா அங்கதான். போன்ல பேசாம இதை ஏன் உட்கார்ந்து எழுதறேன்னு யோசிப்பே. போன்ல நீ நடுவுல பூந்து பேசுவே, எனக்குக் கோபம் வரும், போன வாரம் மாதிரி பட்டுனு வெச்சிடுவேன். பேப்பர்ல யாரும் நடுவுல பேச முடியாது பாரு.

போன வாரம் நீ கேட்டது இன்னும் என் காதை விட்டுப் போகலைடா. நம்ம ஊர் பல் டாக்டரோட தம்பி அங்க உன்னைப் பார்த்து, உங்கம்மா கோளாறான காரைத் தெரிஞ்சே எங்கண்ணன் தலையில கட்டிட்டாங்க, அதனாலதான் ஷோரூம்ல இருந்து வெளியே அனுப்பிட்டாங்கன்னு சொன்னானாம், நீயும் உடனே போன் எடுத்து, அம்மா அது நிஜமாம்மான்னு கேட்டே. ஊர்ல யார் வேணா என்ன வேணா பேசட்டும், நான் தூசுன்னு தட்டிட்டுப் போயிடுவேன். ஆனா நீ கேட்டே. சரி, கேட்டுட்டே, பதில் சொல்றேன். அந்தப் பதில் நேத்து சனிக்கிழமைதான் முழுசாச்சு. பாதியில வெச்சுட்டு மருமகளுக்குக் கதை சொல்லப் போயிடாம கடைசி வரைக்கும் படி.

எங்க மேனேஜரை உனக்குத் தெரியும், நான் சென்ட்டுன்னு சொல்வேனே, ஆள் வர்றதுக்கு முன்னாடி வாசனை வந்துடும், அவன்தான். அவன் வந்ததுக்கு அப்புறம் ஷோரூம்ல யாருமே நிக்கலை. தினமும் காலையில எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சுத் திட்டு, மாசக் கடைசியில இன்னும் பெரிய திட்டு. வாசல் காவலாளியில இருந்து சர்வீஸ் பார்க்கறவர் வரைக்கும் பழைய ஆளுங்க ஒவ்வொருத்தரா கழண்டுட்டாங்க. புதுசா வர்ற பசங்க பாத்ரூம் எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கிறதுக்குள்ள அடுத்த வேலையைப் பார்த்துட்டுப் போயிடுவாங்க. விசிட்டிங் கார்டு அடிச்சுக் கட்டுப்படியாகலைன்னு, போனவன் கார்டுல பேரைப் பேனாவால அடிச்சுட்டு வந்தவன் பேரை எழுதிக் குடுப்பான்னா பார்த்துக்கோ. இவ்வளவு விலைக் காரு விக்கிற இடம்டா அது!

காரும் முன்ன மாதிரி இல்லை. முன்னெல்லாம் கதவைச் சாத்தினா கனமா ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தத்துலயே பாதிப் பேர் செக் புக்கை எடுத்துடுவாங்க. இப்போ டப்பா மூடற சத்தம். மரம்னு சொல்றது மரத்தோட படம் ஒட்டின பிளாஸ்டிக். ஏசியைக் குறைக்க ஒரு பட்டன் கிடையாது, எல்லாத்தையும் திரையில தேடணும், அந்தத் திரையும் நினைச்சா கண்ணை மூடிக்கும். வேகத்தடையில ஏறி இறங்கினா பின் சீட்டுக்கு அடியில யாரோ கரண்டிப் பெட்டியை உலுக்கற மாதிரி ஒரு சத்தம். விலை மட்டும் ஏறிக்கிட்டே போகுது. இதைச் சரி பண்ணிக் குடுங்கன்னு கம்பெனிக்காரங்ககிட்ட சண்டை போடறதை விட்டுட்டு, சென்ட்டு ஒரு சட்டம் போட்டான். யாரை ஓட்டிப் பார்க்கக் கூட்டிட்டுப் போனாலும் முதல்ல பாட்டைச் சத்தமா போட்டுடணும், ஏசியை முழுசா வெச்சுடணும், முன்பக்கத்து வழவழப்பான பெரிய ரோட்டுலயே போய்த் திரும்பணும், பின்பக்கத்து ரோட்டுப் பக்கம் தலை வெச்சும் படுக்கக் கூடாது. நான் மாட்டேன்னு சொல்லிட்டேன். என் கஸ்டமருக்குக் காது இருக்கு, அவங்க கேட்டுட்டே வாங்கட்டும்னேன். அன்னியில இருந்து என் பக்கம் ஒரு கஸ்டமரையும் அனுப்பலை. ஈ ஓட்டி ஓட்டிப் பார்த்துட்டு வேலையை அவன் மூஞ்சியில விட்டெறிஞ்சுட்டு வந்தேன். அவன் அனுப்பலை, நானாதான் வந்தேன், இதை நல்லா மனசுல வாங்கிக்கோ.

அதுக்கு அப்புறம்தான் அவனோட வேலையே ஆரம்பிச்சது. யார் வந்து காரைப் பத்திக் குறை சொன்னாலும் அவன்கிட்ட ஒரே பதில்தான், அது முன்னாடி இருந்தவங்க பண்ணினது சார், அவங்களை அனுப்பிட்டோம். ஆளுங்க போகப் போக அவனுக்கு நல்லதாப் போச்சு, பழி போட ஒரு தலை கூடுது இல்ல. நான் ரொம்ப வருஷம் இருந்தவ, அதனால என் தலையில மூட்டை மூட்டையா ஏத்திட்டான். பல் டாக்டர் என்கிட்ட புக் பண்ணினது வாஸ்தவம். ஆனா அந்தக் கார் வந்து இறங்கினப்போ நான் வேலையை விட்டுட்டு வீட்டுல துணி மடிச்சுட்டு இருக்கேன், அதை நான் கண்ணாலகூடப் பார்த்ததில்லை. அதைச் சொல்றதுக்கு அங்க ஆள் வேணுமே? என்கூட இருந்தவங்க யாருமே இல்லை. டாக்டர் வீட்டம்மா கடையில என்னைப் பார்த்ததும் தள்ளுவண்டியைத் திருப்பிட்டுப் போறாங்க. அவங்க வீட்டுக்கு ஒவ்வொரு காரும் என் கையால வாங்கினதுடா.

நீ போன் பண்ணின மறுநாளே டாக்டர்கிட்ட போனேன். அவர் என் போனை எடுக்க மாட்டார்னு தெரியும், அதனால டோக்கன் போட்டு, பல்லு வலின்னு உட்கார்ந்துட்டேன். நாற்காலியில சாய்ச்சு, விளக்கைப் போட்டுட்டு, வாயைத் திறங்கன்னார். திறந்தேன், ஆனா பேசறதுக்குத் திறந்தேன். டாக்டர், சனிக்கிழமை ஷோரூமுக்கு வந்து சோபாவுல பேப்பரை விரிச்சுட்டு உட்காருங்க, ஒரு வார்த்தை பேசாதீங்க, நான் பொய்க்காரின்னு தெரிஞ்சா என் வாயில இருக்கிற மொத்தப் பல்லையும் மரத்துப் போற ஊசி போடாமலே பிடுங்கிடுங்கன்னு சொன்னேன். மனுஷன் கையில குறடோட முழிச்சார். ஆனா வந்துட்டார்.

சனிக்கிழமைதான் முதலாளி கண்ணாடி ரூமுக்கு வந்து உட்காருவார், அதனால அந்த நாளைப் பார்த்துத்தான் போனேன். உன் அப்பா ஸ்கூட்டரை விட்டு இறங்க மாட்டேன்னுட்டார், வம்பை விலை குடுத்து வாங்கறேடின்னு புலம்பிட்டு வெளியவே இருந்தார். உள்ளே போனா, என் பாதி ஆயுசைக் கழிச்ச இடத்துல ஒரு மூஞ்சிக்கும் என்னைத் தெரியலை! ஒரு சின்னப் பொண்ணு ஓடி வந்து வணக்கம் மேடம், முதல் தடவையா வர்றீங்களான்னு கேட்டுத் தண்ணி குடுத்தா. ஆமாம்மா, முதல் தடவைதான்னேன். இந்தக் கார்ல பின்னாடி ஏதோ சத்தம் வருதாமே, தெரிஞ்சவங்க சொன்னாங்கன்னு மெல்ல இழுத்தேன். அவ்வளவுதான், மனப்பாடம் பண்ணினதைக் கடகடன்னு ஒப்பிச்சா. முன்னாடி ஒரு அம்மா இருந்தாங்க மேடம், அவங்கதான் கோளாறு வண்டியா பார்த்துத் தள்ளி விட்டுட்டாங்க, போன வாரம்தான் வேலையை விட்டு எடுத்தோம்னா. நீ அவங்களைப் பார்த்திருக்கியாம்மான்னேன். பக்கத்து மேசை மேடம், தினமும் பார்ப்பேன், குண்டா கண்ணாடி போட்டுட்டு, வாயைத் திறந்தா பொய்தான்னா. எனக்குக் கண்ணாடியும் கிடையாது, உடம்புல சதையும் கிடையாது. நான் அங்கிருந்து வந்து எத்தனை மாசம் ஆச்சு! சோபாவுல பேப்பர் மெல்ல கீழே இறங்கிச்சு. அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோபம் இல்லை, சொல்லிக் குடுத்ததைச் சொல்லுது, பாவம்.

அதுக்குள்ள வாசனை வந்துடுச்சு, பின்னாலயே ஆளும் வந்தான். என்னைப் பார்த்ததும் முகத்துல ஈயாடலை. நீங்க எதுக்கு இங்க வந்தீங்கன்னு கத்தினான். கத்தட்டும்னுதானே நான் காத்துட்டு இருந்தேன். சத்தம் கேட்டு முதலாளி வெளியே வந்தார். சார், ஒரு உதவி, நீங்க இப்போ விக்கிற இந்தப் புதுக் காருல பின் சீட்டுல உட்கார்ந்து ஒரு சுத்து வாங்க, டாக்டரும் வரட்டும், நான் ஓட்டறேன்னேன். மனுஷன் விக்கிறாரே ஒழிய, பின் சீட்டுல உட்கார்ந்து எத்தனை காலமோ. பாட்டை நிறுத்தினேன், ஏசியை நிறுத்தினேன், அதை நிறுத்தறதுக்குத் திரையில தேடினது ஒரு தனிக் கூத்து, வண்டியை நேரா பின்பக்கத்து ரோட்டுக்கு விட்டேன். முதல் வேகத்தடையிலயே கரண்டிப் பெட்டி குலுங்கிச்சு. ரெண்டாவதுல முதலாளி குனிஞ்சு சீட்டுக்கு அடியில கையை விட்டுத் தடவிப் பார்த்தார். மூணாவதுல, போதும்மா திருப்புங்கன்னார். டாக்டர் என் தோளை ஒரு தட்டு தட்டினார், எனக்கு அழுகை முட்டிட்டு வந்துது, அழலை.

திரும்பி வந்ததும் முதலாளி எல்லார் முன்னாடியும் சென்ட்டைப் பார்த்து, இப்பவே கிளம்புன்னார். நான் அவன் மூஞ்சியையே பார்த்துட்டு இருந்தேன். பயம் இல்லைடா அதுல! சரி சார்னு தலையைக் குனிஞ்சான், ஆனா தோள் ரெண்டும் லேசாச்சு. அப்பாடா தப்பிச்சோம்னு இருந்தான். வேற ஊரு, வேற ஷோரூம், அங்கேயும் இதே பாட்டுதான். எனக்கு அப்போதான் நிஜமா ரத்தம் கொதிச்சது. சார், அவனை மட்டும் அனுப்பாதீங்கன்னேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. நான் திரும்பி வந்து வேலையைப் பார்க்கிறேன் சார், ஆனா இவன் வாசல்ல மேசை போட்டு உட்காரணும், குறை சொல்ல வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் இது என் தப்புன்னு தன் வாயால சொல்லணும், கடைசி வண்டி சரியாகிப் போற வரைக்கும் நீங்க இவனுக்கு அனுபவச் சான்றிதழ் குடுக்கக் கூடாதுன்னேன். அது இல்லாம அவனை வேற ஒருத்தனும் சேர்த்துக்க மாட்டான். முதலாளி சரின்னுட்டார். அப்போ வந்துது பாரு பயம், கண்ணு நிறைய வந்துது. நாளைக்கு அவன் முதல் நாள், நான் கண்ணாடி ரூம்ல உட்கார்ந்து நிதானமா டீ குடிச்சுட்டே பார்க்கப் போறேன். அப்பா, போதும்டி பாவம்னார். நீயும் பாவம்னு சொல்லாதே, எனக்குப் பாவமா இல்லை, ரொம்ப நல்லா இருக்கு.

டாக்டர் வீட்டம்மா மூணு தடவை போன் பண்ணினாங்க, ரெண்டு தடவை அடிக்க விட்டுட்டு மூணாவதுக்குத்தான் எடுத்தேன். தம்பியை உன் வீட்டுக்கே அனுப்பி மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்காராம் டாக்டர். வந்தா உட்கார வெச்சுக் காபி குடு, சர்க்கரை போடாதே.

குட்டிக்குப் பாட்டியோட முத்தம், மருமகளை நேரத்துக்குத் தூங்கச் சொல்லு, நீயும் குளிர்ல காதை மூடாம சுத்தாதே. மூணு பேரும் நூறு வருஷம் நோய் நொடி இல்லாம நல்லா இருங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ கண்ணா, இனிமே எவனாவது உங்கம்மா இப்படிப் பண்ணிட்டாங்கன்னு சொன்னா, முதல்ல அவனைப் பார்த்து இல்லைன்னு சொல்லு, அதுக்கு அப்புறம் எனக்கு போன் பண்ணிக் கேளு.

இப்படிக்கு,
கோபம் முக்கால்வாசி ஆறின
உன் அம்மா