சாரட்டுச் சேறு

ஜூலை 3

இரண்டாம் ஆண்டு வகுப்பில் அந்தப் பழைய ஆங்கிலக் கவிதையை ஆரம்பித்தேன். ஒரு பிரபுவின் குதிரைச் சாரட்டு நகரத் தெருவில் பறக்கிறது. சக்கரம் வாரியடித்த சேறு நடந்துபோகிறவர்கள் மேல் விழுகிறது. திரும்பி வரும்போது பிரபு எட்டிப் பார்த்துச் சொல்கிறான்: எவ்வளவு அழுக்கான ஜனங்கள்.

வகுப்பில் 'கேள்வி' என்று பட்டப்பெயர் வாங்கியவள் எழுந்தாள். கால்வாயோரக் குடிசைகளிலிருந்து வருகிற பெண். "மிஸ், எங்களக் காலி பண்ணச் சொல்லி கார்ப்பரேஷன் ஒட்டின நோட்டீஸ்லயும் இதேதான் இருக்கு. நாங்க ஊருக்கு அசிங்கமாம்."

யாரும் சிரிக்கவில்லை. கால்வாயில் விழும் சாக்கடை எந்த மாடிவீடுகளிலிருந்து வருகிறது என்பது ஊரறிந்த விஷயம்.

ஜூலை 9

கல்லூரி விழாவுக்கு மேயர் வருகிறார். கேள்வி அதே கவிதையை வாசிக்கப் பெயர் கொடுத்திருக்கிறாள். கல்லூரி முதல்வர் தாளை மேலோட்டமாகப் பார்த்தார். "இங்கிலீஷ்தானே, வாசிக்கட்டும். யாருக்குப் புரியப்போவுது?"

இத்தனை வருடம் நான் பார்த்த உத்தியோகத்தின் லட்சணம், ஒரே வரியில்.

ஜூலை 18

 கேள்வி அதைத் தமிழிலும் சொல்லப்போகிறாளாம். தடுக்கணுமா? தடுக்க நான் யாரு?

ஜூலை 19

சொல்லிவிட்டாள்.

ஆங்கிலத்தில் வாசித்தபோது மேயர் தலையாட்டி ரசித்தார். "இப்ப நம்ம பாஷையில சொல்றேன்" என்றாள். ஒரு சொல் கூட்டவில்லை, பிரபுவை மேயராக்கவில்லை. அப்படியே சொன்னாள். முதலில் கைதட்டியது ஓரத்தில் நின்ற துப்புரவுப் பெண்கள். மேயரின் தலை அசையவே இல்லை.

பிறகு முதல்வர் அறை. "அவளாவே பண்ணினதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவள நிறுத்திடறோம். உங்களுக்கு ஒண்ணும் வராது."

சொல்லியிருக்கலாம். என்னுடையது ஒப்பந்த வேலை. என் கணவரும் வேலை போய் வீட்டில் இருக்கிறார். ஆனால் வாய் முந்திக்கொண்டது. "அர்த்தம் சொல்லிக்கொடுத்தது நான்தான் சார். அனுப்பறதா இருந்தா என்னை அனுப்புங்க."

 

ஜூலை 20

இவரிடம் சொன்னேன்.  "சரி விடு, ரெண்டு பேருமா சேர்ந்தே வேலை தேடுவோம்" என்றார். அழுகை வந்துவிட்டது.

ஆகஸ்ட் 1

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. கேள்வியை ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டார்கள்.

செப்டம்பர் 14

குடிசைகளை இடித்துவிட்டார்கள்.

நவம்பர் 10

டியூஷன் இல்லாத நாள். நகரத்துக்கு வெளியே குடிசைக்காரர்களை ஏற்றிவிட்ட அடுக்குமாடிக்குப் போனேன். வீடு ஏழாவது மாடியில். தண்ணீர் அதுவரை ஏறுவதில்லை. கேள்வி கல்லூரியிலிருந்து இன்னும் வரவில்லை; பஸ் மாறி மாறி வரவேண்டும். அவள் அம்மா கீழே குழாயடியில் வாளிகளோடு நின்றிருந்தார்.

"அந்தப் பாட்டெழுதினவரு எந்த ஊரும்மா?"

"ரொம்ப தூரம். அவர் செத்தே இருநூறு வருஷம் இருக்கும்."

வாளி நிரம்பும்வரை யோசித்தார். "அப்பவே இப்படித்தானா?" என்றார்.

 இன்னொரு வாளியை நான் தூக்கிக்கொண்டேன். படியேறினோம்.