ஜெபம் பண்ணின எண்ணெயும் பித்தளைக் குழாயும்

என் அருமைப் பிடிவாதக்கார அண்ணாவுக்கு,

உன் மகன் நேற்று திருப்பதியிலிருந்து ஒரு பித்தளைக் குழாய் வாங்கி வந்திருக்கிறான். அகல வாய், பளபளவென்று. எதற்கென்று உனக்குச் சொல்ல வேண்டுமா? நம் கரும்பாலையை ஓட்டுகிற டீசல் இன்ஜினின் ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டுவதற்காம். "நைனா வச்சிருந்தாரே அத்தே" என்கிறான். புத்தி வேறு எங்கிருந்து வரும், உன் மகன்தானே?

அந்த இன்ஜின் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? போதகரைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணினாய். பக்கத்து ஆலைக்காரர் தன் இன்ஜினுக்கு எலுமிச்சம்பழம் கட்டியதைப் பார்த்து அப்படிச் சிரித்தவன், நீ என்ன செய்தாய்? ஏர் கிளீனரின் அடிக்கிண்ணத்தில் இருந்ததை ஜெபம் பண்ணின எண்ணெய் என்று சொல்லி இரண்டு வருஷம் மாற்றவே விடவில்லை. கரும்புச் சக்கைத் தூசியைப் பிடிக்கத்தான் அந்த எண்ணெய், அழுக்கானால் கொட்ட வேண்டியதுதான். போதகரே கொட்டச் சொன்னார். கேட்டாயா?

அப்புறம் இன்ஜின் கரும்புகையாய்க் கக்கியது, கரும்பை வைத்தால் திணறியது. திருப்பதியிலிருந்து ஒரு ஸ்பேர் பார்ட்ஸ்காரன் வந்தான். இன்ஜினுக்கு மூச்சு பத்தவில்லை, வாயை அகலமாக்கினால் பலம் கூடும் என்று கதை அளந்தான். அந்த மகானுபாவனுக்குக் காபி வேறு போடச் சொன்னாய். குழாயை மாட்டியதும் நன்றாகத்தான் ஓடியது. அடைத்த மூக்கைத் திறந்துவிட்டால் யாருக்குத்தான் மூச்சு வராது?

நீ சக்கைக் குவியலில் எறிந்த ஏர் கிளீனரை நான்தான் எடுத்து வந்தேன். கிண்ணத்தில் எண்ணெயா இருந்தது, சேறு. மண்ணெண்ணெயில் கழுவி, புது எண்ணெய் ஊற்றி, இதை மாட்டிப் பார் என்றேன். வேண்டாவெறுப்பாக ஒருநாள் மாட்டினாய். குழாயோடு ஓட்டியபோது மத்தியானத்துக்குள் மூன்று கொப்பரை சாறு. ஏர் கிளீனரோடும் அதே மூன்று. எண்ணியது நீதான். அப்புறமும் என்ன சொன்னாய்?

"சாறு கெடக்குது வுடு. சத்தத்தக் கேட்டியா? பாகாலா வரைக்கும் கேக்குது. பவருன்னா அதாம்மே."

மறுபடி குழாய்தான். சத்தத்தை வைத்து வெல்லம் காய்ச்ச முடியுமா அண்ணா? பருவம் முழுக்கத் தூசியைக் குடித்து, பிஸ்டன் ரிங்கெல்லாம் தேய்ந்து, அடுத்த பருவத்தில் பாதிக் கரும்பு வெட்டிக் கிடக்கும்போது இன்ஜின் படுத்துவிட்டது. கரும்பு புளித்தது. அந்த வருஷம் சபையின் அறுப்பின் பண்டிகைக்கு நம் வீட்டு வெல்லம் காணிக்கையாகப் போகவில்லை. கோயிலில் கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாய். தங்கச்சி சொன்னது சரி என்று அப்போதாவது ஒரு வார்த்தை? ம்ஹூம்.

இப்போது உன் மகன் இன்ஜினைச் சரிபண்ணி, கரும்பையும் வெட்டிப் போட்டிருக்கிறான். நாளை ஆலை ஓட வேண்டும். நைனாவின் குழாயால்தான் இன்ஜின் பறந்தது, கெட்டது நம் விதி என்று நம்பிக்கொண்டிருக்கிறான். போனவனைக் குறை சொல்லக் கூடாதென்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு மட்டும் புத்தி இருந்ததா?

சித்தூர் ஆஸ்பத்திரியில் போதகர் ஜெபம் முடித்துப் போனதும் கையசைத்து என்னைக் கூப்பிட்டாயே. பெரிதாக ஏதோ சொல்லப் போகிறாய் என்று குனிந்தேன்.

"பையன்கிட்ட சொல்லும்மே. கிண்ணத்துல எண்ணெய மாத்திக்கினே இருக்கணும்."

அடப்பாவி! அதை முன்னாடியே சொல்வதற்கு என்ன கேடு? சண்டை போடக்கூட எனக்கு நேரம் தராமல் போய்விட்டாய். அந்தக் கோபத்தில்தான், நீ சொல்லச் சொன்னதை அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை.

நாளை காலையில், இன்ஜினைச் சுற்றிவிடுவதற்கு முன்னால், சொல்லிவிடுகிறேன். 'உன் நைனா தப்புப் பண்ணினார், அது அவருக்கே தெரிந்திருந்தது' என்று அவனிடம் சொல்வேன். அந்தப் பித்தளைக் குழாயும் வீண்போகாது. கிண்ணத்துக்கு எண்ணெய் ஊற்ற ஒரு புனல் வேண்டியிருக்கிறது.

இன்னும் கோபம் தீராத,
உன் கூடப்பிறந்த தங்கை